வெள்ளைச்சி தின்ற நிறம்

கொளிஞ்சிப்பாளையத்தில் ஒரு காரியம் முடிந்துவிட்டால், முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. "தண்ணி தெளிஞ்சிருச்சு" என்பார்கள். பங்காளிச் சண்டை தீர்ந்தாலும் அதே வார்த்தை, பெண் பார்த்துப் பேசி முடித்தாலும் அதே வார்த்தை. சாயப்பட்டறை ஊர் அல்லவா. சாயம் ஏற்றிய துணியைச் சோப்புப் போட்டு அலசும்போது, மிஷினின் அடிக்குழாயில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். டம்ளரில் நிறம் தெரிந்தால் இன்னொரு அலசல். தெரியாவிட்டால் துணியை இறக்கிவிடலாம். தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்கு டம்ளர்தான் நீதிபதி. அது தப்பாகவும் தீர்ப்புச் சொல்லும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தெய்வானைக்கும் தோன்றவில்லை. படித்தவள், பட்டறைக்காரர் வீட்டுப் பெண், நுண்ணுயிரே தொழிலாக இருப்பவள். அவளுக்குமா தோன்றவில்லை என்று கேட்டால், அவளுக்கும்தான்.

அவள் பள்ளிக்கூடம் போன நாளில், வெளிநாட்டுக்காரன் இந்த மாசம் எந்த நிறத்தில் பனியன் கேட்டிருக்கிறான் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். கருநீலம், ரத்தச் சிவப்பு, கிளிப்பச்சை என்று ஆறு தினம் ஒரு புடவை கட்டிக்கொண்டு ஓடியது. மாடுகூட வாய் வைக்காது. பிறகு அரசாங்கம் வானத்தில் ஒரு கண்ணை வைத்தது. ஆளில்லாத சின்ன விமானங்கள் ஆற்றின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரில் நிறம் தெரிந்த நிமிஷம், சுத்திகரிப்பு நிலையத்தின் மதகும் எல்லாப் பட்டறைகளின் மின்சாரமும் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதிகாரி வந்து விசாரிப்பார். இது எங்கள் சாயம் இல்லை என்று சங்கம் மறுத்தால், தண்ணீரைச் சோதித்துப் பார்த்து அன்றைக்கே திறந்துவிடுவார்கள். ஒப்புக்கொண்டாலோ, பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலோ, மூன்று மாசத்துக்கு யார் காலில் விழுந்தாலும் திறக்காது.

அப்படி ஒருமுறை பூட்டியபோது ஊர் பட்ட பாட்டைத் தெய்வானை பார்த்திருக்கிறாள். ஒடிசாப் பையன்கள் மூட்டை முடிச்சோடு ரயிலடியில் கிடந்தார்கள். பட்டறைக்காரர்கள் பெண்டாட்டி கழுத்து நகையைக் கழற்றினார்கள். இனி அது நடக்கக் கூடாது என்றுதான் வெள்ளைச்சியை வளர்த்தாள்.

வெள்ளைச்சி என்பது ஊர் வைத்த பேர். பட்டறைக் கழிவு மண்ணிலேயே பிறந்து, சாயத்துக்குப் பழகி, தெய்வானையின் கையில் பல வருஷம் தேறி வந்த ஒரு பாக்டீரியா. காற்றுப் புகாத மூடுதொட்டியில் விட்டால், காலையில் ஊற்றிய கருநீலம் மத்தியானம் நிறமே இல்லாத வெறும் தண்ணீராகிவிடும். எந்தச் சாயம் என்று பார்க்காது, எல்லாம் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் தெளிந்த அன்று ஊரே தொட்டியடியில் கூடியது. சங்கத் தலைவர் அர்த்தநாரி, நாற்பது வருஷம் சாயத்தில் நனைந்து நகமெல்லாம் ஊதாவாகிப்போன மனிதர், டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

மூடுதொட்டிக்கு அடுத்தபடியாகக் காற்றுத்தொட்டி என்று இன்னொன்று உண்டு. தெளிந்த தண்ணீர் அதில் இரண்டு நாள் கிடக்க வேண்டும். காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே வேறு வகைப் பாக்டீரியாக்கள், வெள்ளைச்சி மிச்சம் வைத்ததைத் தின்று தீர்க்கும். தெய்வானை வரைந்த படத்தில் இரண்டு தொட்டியும் இருந்தன. ஆர்டர் பெருகியபோது காற்றுத்தொட்டியில் இடம் பற்றவில்லை. தெளிந்த தண்ணியை எதற்குக் காயப்போட்டு வைக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. மூடுதொட்டியிலிருந்து நேரே மதகுக்கு ஒரு குறுக்குக் குழாய் போட்டார்கள். புதுத் தொட்டி கட்டும்வரைதான் என்றார்கள். தெய்வானை முதலில் முடியாது என்றாள். பிறகு குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு பொட்டு நிறம் இல்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. சரி என்றுவிட்டாள்.

அப்புறம் மழைக்காலம் ஒன்று போயிற்று, வெயில்காலம் ஒன்று போயிற்று. புதுத் தொட்டி கடைக்கால் மட்டத்திலேயே நின்றது.

ஆடி பிறந்தது. ஆற்றுக்குக் கீழ்க்கரையில் இருக்கும் முத்தாம்பாறைக்குத்தான் தெய்வானையின் தங்கை வள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பெற்ற பெண் குழந்தை, இப்போது மூன்று மாசம். அந்த வள்ளிதான் ஆடி பதினெட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கொளந்தைக்கு ஒதடெல்லாம் கறுத்துப் போச்சுக்கா. நகமெல்லாம் நீலமா இருக்குது. ஒருக்கா வந்துட்டுப் போக்கா."

தெய்வானை போன வேகத்தில் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்றே அவளுக்கு நினைவில்லை. குழந்தை மூச்சுக் கருவிக்கு அடியில் கிடந்தது. உதட்டின் நிறம் நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. நனைந்த சிலேட்டுப் பலகையின் நிறம்.

டாக்டர் நஸ்ரின் ஈரோட்டுக்காரர், சின்ன வயசு. ஒரு வெள்ளைத் தாளில் குழந்தையின் ரத்தத்தை ஒரு சொட்டு வைத்துக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? நல்ல ரத்தம்னா காத்துப் பட்டா செவந்துரும். இது காப்பிப்பொடி நெறத்துலயே நிக்குது. ரத்தம் ஓடுது, ஆனா மூச்சுக்காத்தைத் தூக்கிட்டுப் போகமாட்டேங்குது. ஏதோ ரசாயனம் உள்ள போயிருக்கு. பெரியவங்க தாங்கிக்குவாங்க. இத்தனூண்டுக் குழந்தை தாங்காது."

"என்ன குடுத்தே வள்ளி?"

"தாய்ப்பாலு பத்தலைன்னு மாவுப்பாலுதானக்கா. எல்லாரும் குடுக்கறதுதானே."

"தண்ணி?"

"ஆத்துல ஊத்துத் தோண்டி எடுத்த தண்ணி. காய்ச்சித்தான் குடுத்தேன்." வள்ளி அக்காவின் முகத்தையே பார்த்தாள். "எங்க ஊரே இப்ப அதத்தானக்கா குடிக்குது. இது எங்கக்கா சுத்தம் பண்ணுன தண்ணின்னு நாந்தான் மொதக் கொடம் எடுத்தேன்."

டாக்டர் ஒரு ஊசியைப் பிரித்தார். அதற்குள் இருந்த மருந்து அடர்நீலமாக இருந்தது.

"இது என்ன மருந்துங்க?"

"மெத்திலீன் நீலம். துணிக்குப் போடறதுக்குன்னு கண்டுபிடிச்ச சாயந்தான் மேடம். இந்த வியாதிக்கு இதான் மருந்து."

வெள்ளைச்சி இதையும் விட்டுவைத்திருக்காது என்ற நினைப்பு தெய்வானைக்குத் தானாக வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஊசி இறங்கியது. பொழுது போகப் போக, உதட்டின் ஓரத்தில் மெல்ல ரோஜா நிறம் கிளம்பியது. நிறத்தைத் தொலைப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த பெண், ஒரு நிறம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே மாசுத் தடுப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. உப்பு பார்ப்போம், புளிப்பு பார்ப்போம், நிறத்தை வானத்துக் கண் பார்த்துக்கொள்கிறது, நீங்கள் சொல்லும் சமாசாரம் நாங்கள் பார்க்கிற வகையிலேயே வராதே என்றார். தண்ணீரை வாங்கிச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். பதில் வர ஒரு மாசம் ஆகும். முத்தாம்பாறையில் வள்ளி வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்கு இருதயக் கோளாறாக இருக்கும் என்றார்கள், கண் பட்டிருக்கும் என்றார்கள். கண்ணாடி மாதிரி ஓடுகிற தண்ணீரைக் காட்டி இதிலா விஷம் என்று கேட்டால், வள்ளியால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆடி பதினெட்டு வந்துகொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு ஆற்றில் இறங்கிக் கும்பிடப்போகிற முதல் பதினெட்டு. கைக்குழந்தையிலிருந்து கிழடு கட்டை வரை வந்து முங்குவார்கள், மூன்று கை அள்ளிக் குடிப்பார்கள், புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அர்த்தநாரி எல்லார் முன்னிலையிலும் முதல் டம்ளரைத் தானே குடிக்கப்போவதாக அறிவித்திருந்தார்.

அவரைப் பார்க்கப் போனாள். பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா அம்மணி. கொளந்தை எப்படி இருக்குது?"

"பொழச்சுக்கிச்சுங்க. தலைவருங்க, மதக மூடோணும். இன்னைக்கே."

"என்ன அம்மணி சொல்றே?"

"வெள்ளைச்சி சாயத்தத் திங்கறதில்லைங்க. ஒடைக்குது, அவ்வளவுதான். கண்ணாடி வளையல் ஒடைஞ்சுபோனா வளையல் இல்லை. ஆனா சில்லு கால்ல குத்துமல்லங்க? அந்தச் சில்லுக்கு நெறம் கெடையாது. அதப் பொறுக்கறதுக்குத்தான் காத்துத்தொட்டி. நாம அதத் தாண்டி விட்டுட்டமுங்க."

அர்த்தநாரி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "நீயும்தான் டம்ளர்ல பாத்தே," என்றார்.

"பாத்தனுங்க. என்ற கண்ணுதான் என்னையே ஏமாத்துச்சு."

"மூடுனா என்ன ஆகும்னு தெரியுமல்ல? புதுக் காத்துத்தொட்டி கட்டி முடிக்க மூணு மாசம். கப்பலுக்கு ஏத்த வேண்டிய சரக்கு மிஷின்ல இருக்குது. எட்டாயிரம் பேரு வயித்துல அடிக்கச் சொல்றே. நானே மூடச் சொன்னாலும் ஒரு பட்டறைக்காரன் கேப்பானா? தண்ணி தெளிவா ஓடும்போது மூடுன்னா எவன் கேப்பான்?" குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல். "பதினெட்டு முடியட்டும் அம்மணி. பொறவு பேசலாம்."

"பதினெட்டு அன்னைக்கு எத்தனை கொளந்தைக வருமுங்க?"

அவர் தன் ஊதா நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானை கிளம்பி வந்துவிட்டாள்.

அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. நிலையத்தில், தண்ணீர் எந்தத் தொட்டியில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பதற்காக ஒரு சிவப்புத் திரவம் வைத்திருந்தார்கள். எங்கேயும் ஆறுகளில் ஓட்டம் அளக்க ஊற்றுவதுதான், ஆளுக்கோ மீனுக்கோ ஒன்றும் செய்யாது. ஒரு கேன் போதும், கண்ணுக்கு எட்டின தூரம் ஆறு சிவந்துவிடும். சிவந்தால் ஜனம் இறங்காது. வானத்துக் கண் பார்த்தால் மதகு பூட்டிக்கொள்ளும். தெளிந்த தண்ணீரை நிறுத்த இந்த நாட்டில் சட்டம் இல்லை, சிவந்த தண்ணீரை நிறுத்த இருக்கிறது.

ஆனால் அதற்கு விலை? வெள்ளைச்சி தோற்றுப்போய்விட்டாள் என்று உலகம் சொல்லும். எட்டாயிரம் பேருக்கு ஒரு நாள் கூலி போகும். அப்படியும், அதிகாரி வந்து இது உங்கள் சாயமா என்று கேட்பார். சங்கம் இல்லை என்று சத்தியம் செய்யும். சோதித்துப் பார்த்தால் இல்லை என்றுதான் வரும், மதகு சாயந்தரமே திறந்துவிடும். மிஞ்சிப்போனால் கிடைப்பது ஒரு நாள். அந்த ஒரு நாளாவது குழந்தைகள் குடிக்காமல் இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தாள். அழுதாள் என்று சொல்வதில் தப்பில்லை, அழுதாள்தான். தன் கையால் வளர்த்ததற்குத் தானே கெட்ட பேர் வாங்கித் தருவது லேசான காரியமா?

ஆடி பதினெட்டு விடிந்தது. முளைப்பாரித் தட்டும் காப்பரிசியுமாக இரண்டு கரையும் நிறைந்துகொண்டிருந்தது. மேலே மதகடியில் தெய்வானை கேனின் மூடியைத் திருகினாள். கவிழ்த்தாள். முதலில் ஒரு கோடாக இறங்கியது. பிறகு தண்ணீர் அதை வாங்கி விரித்துக்கொண்டது. அவள் கரையோரமாகவே நடந்து கீழே வந்தாள், சிவப்பு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

கரையில் கொட்டுமேளம் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கணுக்கால் நீரில் அர்த்தநாரி நின்றிருந்தார். கையில் டம்ளர். குனிந்து அள்ளினார். வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். டம்ளர் சிவந்திருந்தது.

மேளம் தானாக நின்றது. காலை நனைத்திருந்தவர்கள் அவசரமாக ஏறினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். "பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிப்போச்சே," என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். "வெள்ளைச்சின்னு சொல்லி அந்தப் பொம்பள நம்மள ஏமாத்திப்போட்டா," என்றார் இன்னொருவர். தெய்வானை கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு குழந்தைகூடத் தண்ணீரில் இல்லை. அது ஒன்றைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்குமேல் சின்ன விமானம் ஒன்று இரண்டு சுற்று சுற்றியது. தூரத்தில், பட்டறைகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறந்ததிலிருந்து காதில் இருந்த இரைச்சல். அது நின்றால்தான் அப்படி ஒன்று இருந்தது என்றே தெரியும்.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. அதற்குள் பட்டறைக்காரர்கள் அர்த்தநாரியைச் சூழ்ந்திருந்தார்கள். "நம்மது இல்லைன்னு சொல்லிப்போடுங்க தலைவரே. இது எவனோ வேணும்னே பண்ணுனதுங்க."

அர்த்தநாரி டம்ளரை இன்னும் கீழே வைக்கவில்லை. வெயிலில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். நாற்பது வருஷம் சிவப்பைக் காய்ச்சிய மனிதர். அந்த ஊரில் இருக்கிற எல்லாச் சிவப்பும் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் மாதிரி. இது எந்தப் பட்டறையிலும் பிறக்காத சிவப்பு என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தலையை நிமிர்த்தினார். கூட்டத்துக்கு நடுவில் தெய்வானையைத் தேடிக் கண்டுபிடித்தார். அவளுடைய விரல்கள் சிவந்திருந்தன. அவள் கையை மறைக்கவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று தெய்வானை நினைத்தாள்.

"ஐயா, இது உங்க சங்கத்துச் சாயந்தானுங்களா?" அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க," என்றார் அர்த்தநாரி. "எங்க சாயந்தான்."

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவருடைய சொந்த மைத்துனரே அவரைத் தோளில் பிடித்துத் தள்ளினார். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிகாரி நீட்டிய இடத்தில் கைரேகை வைத்தார். மூன்று மாசத்துக்கு மதகு பூட்டியது.

கூட்டம் கலைந்து, கரையில் வாடிய பூவும் சிந்திய காப்பரிசியும்தான் மிச்சம் இருந்தன. அர்த்தநாரி அவள் பக்கத்தில் வந்து நின்றார். தள்ளுமுள்ளில் கிழிந்த சட்டைப் பையை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன் அம்மணி," என்றார். "உன்ற தங்கச்சி கொளந்தையத் தூக்கிக் குடுத்தா. அது தேறிருச்சு. அதுக்குப் பக்கத்துக் கட்டல்ல இன்னொண்ணு கெடந்துது, நேத்துத்தான் கொண்டாந்தாங்களாமா. ஒதட்டப் பாத்தேன். எத்தனையோ நெறம் காச்சிருக்கறேன். அந்த நெறத்த நான் எந்தத் துணியிலயும் பாத்ததில்லை."

அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார்.

"எப்படி நிறுத்தறதுன்னு தெரியாமத்தான் காலையில டம்ளரோட நின்னேன். இப்ப மதகு பூட்டியாச்சு. ஆனா ஆத்து மணல்ல எறங்குனது அங்கயேதான இருக்கும்?"

"ஆமாங்க. நாலு பெருமழை பெஞ்சு அலசிட்டுப் போகோணும். அதுவரைக்கும் ஊத்துத் தண்ணியக் குடிக்கப்படாது."

"இந்தச் செவப்பு எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"நிக்காதுங்க. மத்தியானத்துக்குள்ள கரைஞ்சு போயிரும். எங்கிட்ட இருந்ததே அந்த ஒரு கேன்தான்."

"நாளைக்குத் தெளிஞ்சிருமா?"

"தெளிஞ்சிருமுங்க."

எதிர்க்கரையில் ஒருத்தி காலிக்குடத்தோடு நின்று, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். அர்த்தநாரி அவள் மேடேறி மறையும்வரை பார்த்தார். பிறகு டம்ளரில் இருந்ததை மணலில் ஊற்றினார். வாழ்நாளெல்லாம் ஆற்றில் சாயம் விட்டதற்குத் திட்டு வாங்கியவர், பின்பு விடாமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தவர், வேட்டியை இன்னொரு மடிப்பு மேலே ஏற்றிக் கட்டினார்.

"மிட்டாய்க்குப் போடற செவப்ப ஆத்துல ஊத்துனா ஆளுக்கு ஒண்ணும் பண்ணாதல்ல?"

"பண்ணாதுங்க."

"அப்பக் காலையில நேரமே வந்துரு அம்மணி," என்றார். "நம்மூர்ல சாயத்துக்கா பஞ்சம்?"